சேர்வரைப் பேணுதல்: மென்பொருள் பொதிகளைக் கட்டளை வரியில் கையாள்வது எப்படி?

2023 ஓகஸ்ட் 26ஆம் திகதி, இலங்கை அரசாங்கத்தின் மேகக்கணினிச் சேவையான 'லங்கா கவர்ன்மென்ட் கிளவுட்' கப்பம் கோரும் மென்பொருளின் தாக்குதலுக்கு உள்ளானது. அரசாங்கத்தின் சுமார் 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகத்தின் முகவரிகளும் அவற்றுள் இருந்தன. அந்த ஆண்டு மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மடல்கள் அழிந்துபோயின. அந்தக் காலப்பகுதிக்கு வேறோர் இடத்தில் வைக்கப்பட்ட காப்புப் பிரதி இருக்கவில்லை.

அங்கே இயங்கிக்கொண்டிருந்த மென்பொருள் மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013. அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வழங்குவதை மைக்ரோசொஃப்ட் 2023 ஏப்ரல் 11ஆம் திகதியோடு நிறுத்திவிட்டது. புதிய பதிப்புக்கு மாறும் திட்டம் 2021 முதல் இருந்தபோதும், நிதிப் பற்றாக்குறையாலும் நிர்வாகத் தீர்மானங்களாலும் அது தள்ளிப்போனதாகத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் விளக்கம் கூறியது.

ஓர் அரசாங்கத்துக்கே இந்த நிலை என்றால், மூன்று நான்கு பேர் சேர்ந்து மாதம் சில டொலர் வாடகைக்கு எடுத்து நடத்தும் சேர்வர்களின் நிலை என்ன? எங்கள் செய்தித் தளங்கள், ஊர்ச் சங்கங்களின் பக்கங்கள், காணாமல் ஆக்கப்பட்டோரின் விவரங்களைத் திரட்டி வைத்திருக்கும் தரவுத்தளங்கள் பலவும் அப்படியான சேர்வர்களில்தான் இருக்கின்றன. அவற்றைப் பேணும் வேலையில் பெரும்பகுதி, மென்பொருள் பொதிகளை ஒழுங்காக இற்றைப்படுத்துவதுதான். வாரத்தில் அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். இந்தக் கட்டுரை அந்த வேலையைப் படிப்படியாக விளக்குகிறது.

ஆவணம் இழந்தவர்களின் கதை

காகிதம் இல்லாமல் போனால் என்னவாகும் என்பது எங்களுக்குப் புதிய பாடம் அல்ல. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தந்தையோ, பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது. தோட்டத்து லயத்தில் அதைக் காட்ட எத்தனை பேரிடம் பத்திரம் இருந்தது? மலையகத் தமிழரில் பெரும்பாலானோர் நாடற்றவர்களானார்கள். 1977, 1983 வன்முறைகளுக்குப் பின் மலையகத்திலிருந்து வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் போய்க் குடியேறிய குடும்பங்கள் 2009இல் இருந்ததையெல்லாம் விட்டுவிட்டு மீண்டும் ஓடின. பிறப்புப் பதிவு நுவரெலியா மாவட்டத்தில், காணிப் பத்திரம் வன்னியில், பெட்டியில் இருந்த பிரதிகள் முள்ளிவாய்க்காலில். இப்படி இருக்கும் குடும்பங்கள் இன்றும் உண்டு.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. அந்த இழப்பின் நினைவும் சேர்ந்துதான் 2005இல் 'நூலகம்' போன்ற எண்ணிம நூலகங்கள் தோன்றின. ஆவணங்கள் இப்போது சேர்வரில் இருக்கின்றன. ஆனால் பூட்டாத கதவு ஒன்று இருந்தால் எவரும் உள்ளே வரலாம். சாட்சிகளின் பெயரும் தொலைபேசி இலக்கமும் இருக்கும் சேர்வர் என்றால், நட்டம் கோப்புகளோடு நின்றுவிடாது.

பொதி, களஞ்சியம், முகாமையாளர்

வாடகைச் சேர்வர்களில் பெரும்பாலானவை லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடுகின்றன. உபுண்டு, டெபியன் ஆகியவை அதன் பரவலான வகைகள். இவற்றில் ஒவ்வொரு மென்பொருளும் 'பொதி' என்ற வடிவில் வருகிறது. மென்பொருளின் கோப்புகள், பதிப்பு இலக்கம், அது இயங்கத் தேவையான மற்றப் பொதிகளின் பட்டியல் ஆகிய மூன்றும் ஒரே கட்டாக அதற்குள் இருக்கும். அப்படித் தேவைப்படும் மற்றப் பொதிகளைச் சார்புப் பொதிகள் என்கிறோம்.

பொதிகள் வைக்கப்பட்டிருக்கும் இடம் களஞ்சியம். அங்கிருந்து பொதியைக் கொண்டுவந்து, சார்புப் பொதிகளையும் சேர்த்து நிறுவி, எது எப்போது வந்தது என்று பதிந்து வைக்கும் மென்பொருள்தான் பொதி முகாமையாளர். தோட்டத்தில் செக்ரோல் செய்யும் வேலை இது. பெயர் ஏறாத ஆளுக்குச் சம்பளம் இல்லை. பொதி முகாமையாளரின் பதிவில் ஏறாத மென்பொருளுக்கு இற்றைப்படுத்தல் இல்லை.

1993இல் இயன் மர்டொக் தொடங்கிய டெபியன் திட்டம், 1990களின் நடுப்பகுதியில் 'டிபிகேஜி' என்ற கருவியை உருவாக்கியது. ஒரு பொதியை நிறுவ அதனால் முடியும். சார்புப் பொதிகளைத் தேடிக் கொண்டுவர முடியாது. அந்தக் குறையை நிரப்ப வந்தது 'ஆப்ட்'. 1999 மார்ச்சில் வெளியான டெபியன் 2.1இல் அது சேர்ந்தது. உபுண்டுவும் அதையே பயன்படுத்துகிறது. ரெட் ஹெட் வழிவந்த ஃபெடோரா, அல்மாலினக்ஸ், ரொக்கி லினக்ஸ் போன்றவற்றில் இதே வேலையை 'டிஎன்எஃப்' செய்கிறது.

கட்டளைகளை இங்கே உச்சரிப்பின்படி தமிழில் தருகிறோம். திரையில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டச்சிட வேண்டும். 'ஆப்ட்' என்பது ஏ, பி, டி என்ற மூன்று எழுத்துகள். முன்னால் வரும் 'சூடோ' என்ற சொல், அந்தக் கட்டளையை நிர்வாகியின் அதிகாரத்தோடு செய்யச் சொல்கிறது.

கட்டளை வரி ஏன்?

அக்கரப்பத்தனையிலோ டயகமவிலோ இருக்கும் ஓர் இளைஞர், சிங்கப்பூரில் இருக்கும் ஒரு சேர்வரைப் பராமரிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மலை மறைக்கும் இடங்களில் சிக்னல் ஒரு கோடு, இரண்டு கோடுதான். மழைக்காலத்தில் மின்சாரம் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. படங்களும் பொத்தான்களும் நிறைந்த கட்டுப்பாட்டுப் பக்கம் அங்கே திறப்பதற்கே நேரம் எடுக்கும்.

கட்டளை வரியில் வந்துபோவது வெறும் எழுத்துதான். 'எஸ்எஸ்எச்' என்ற பாதுகாப்பான இணைப்பின் வழியாகக் கைத்தொலைபேசியிலிருந்தும் சேர்வருக்குள் போகலாம். இன்னொரு விடயம் பலருக்குத் தெரிவதில்லை: இற்றைப்படுத்தும் பொதிகள் களஞ்சியத்திலிருந்து நேரே சேர்வருக்குத்தான் இறங்குகின்றன. 300 மெகாபைட் இறங்கினாலும் அது உங்கள் டேட்டா கார்ட்டில் கழியாது. உங்கள் பக்கம் செலவாவது திரையில் ஓடும் சில வரிகளுக்கான டேட்டா மட்டுமே.

ஆனால் ஓர் எச்சரிக்கை. இற்றைப்படுத்தல் நடக்கும்போது இணைப்பு அறுந்தால் வேலை அரைகுறையில் நிற்கலாம். அதனால் உள்ளே போனதும் முதலில் 'டிமக்ஸ்' என்று தட்டச்சிடுங்கள். அது இல்லையென்றால் 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் டிமக்ஸ்' என்று ஒருமுறை நிறுவிக்கொள்ளலாம். டிமக்ஸுக்குள் தொடங்கிய வேலை, உங்கள் இணைப்பு போனாலும் சேர்வரில் தொடர்ந்து நடக்கும். மீண்டும் சிக்னல் வந்தபின் உள்ளே போய் 'டிமக்ஸ் அட்டாச்' என்றால் விட்ட இடம் அப்படியே தெரியும்.

வாராந்த வேலை

1. 'சூடோ ஆப்ட் அப்டேட்'. பெயரைப் பார்த்து ஏமாறக்கூடாது. இது எந்த மென்பொருளையும் புதுப்பிப்பதில்லை. களஞ்சியத்தில் இப்போது என்ன இருக்கிறது என்ற பட்டியலை மட்டும் கொண்டுவருகிறது. இதைச் செய்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் பலர்.

2. 'ஆப்ட் லிஸ்ட்', ஓர் இடைவெளி, இரண்டு சிறு கோடுகள், 'அப்கிரேடபிள்'. எவற்றுக்குப் புதிய பதிப்பு வந்திருக்கிறது என்று காட்டும். வரியில் 'செக்கியூரிட்டி' என்ற சொல் இருந்தால் அது பாதுகாப்புத் திருத்தம். அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

3. 'சூடோ ஆப்ட் அப்கிரேட்'. உண்மையான இற்றைப்படுத்தல் இதுதான். எவை மாறப்போகின்றன, எவ்வளவு இடம் வேண்டும் என்று காட்டிச் சம்மதம் கேட்கும். வாசித்த பிறகே 'வை' என்ற எழுத்தை அழுத்துங்கள். ஏற்கெனவே நிறுவியிருக்கும் எதையும் இந்தக் கட்டளை அகற்றாது. 'ஃபுல்-அப்கிரேட்' என்ற இன்னொன்று உண்டு. அது தேவைப்பட்டால் சிலவற்றை அகற்றவும் செய்யும். கவனமாகப் பயன்படுத்த வேண்டும்.

இடையில், நீங்கள் கையால் மாற்றிய அமைப்புக் கோப்பை என்ன செய்வது என்று கேட்கப்படலாம். புதியதை ஏற்பதா, உங்களுடையதை வைத்திருப்பதா என்பதே கேள்வி. புரியவில்லையென்றால் 'என்டர்' அழுத்தினால் போதும். உங்கள் பழைய கோப்பே இருக்கும்.

4. மறுதொடக்கம். இயங்குதளத்தின் கருவான 'கேர்னல்' இற்றைப்பட்டால், சேர்வரை மறுதொடக்கம் செய்யும்வரை பழைய கேர்னல்தான் ஓடிக்கொண்டிருக்கும். உபுண்டுவில் உள்ளே நுழையும்போதே மறுதொடக்கம் தேவை என்ற செய்தி தெரியும். வாசகர் குறைவாக வரும் நேரத்தில் 'சூடோ ரீபூட்' கொடுக்கலாம்.

5. 'சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ்'. யாருக்கும் தேவைப்படாமல் தங்கிவிட்ட சார்புப் பொதிகளை அகற்றும். வட்டில் இடம் குறைந்தால் 'சூடோ ஆப்ட் கிளீன்' கொடுத்து, இறக்கி வைத்த பொதிக் கோப்புகளை நீக்கலாம்.

ஒரு வாரம் தாமதித்தால் என்ன என்று கேட்கலாம். அமெரிக்காவின் எக்விஃபக்ஸ் நிறுவனத்தைப் பாருங்கள். அது பயன்படுத்திய அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் மென்பொருளின் ஓட்டைக்கு 2017 மார்ச் 7ஆம் திகதியே திருத்தம் வந்துவிட்டது. அது நிறுவப்படவில்லை. மே மாதம் உள்ளே புகுந்தவர்கள் சுமார் 14 கோடியே 70 இலட்சம் பேரின் விவரங்களை எடுத்துச் சென்றார்கள். திருத்தம் வெளியாகும்போது ஓட்டை எங்கே என்பதும் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. அதன் பிறகு கழியும் ஒவ்வொரு நாளும் தாக்குபவருக்கே சாதகம்.

வாரந்தோறும் உட்கார முடியாதவர்களுக்கு 'அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ்' என்ற பொதி உண்டு. பாதுகாப்புத் திருத்தங்களை அது தானாகவே நிறுவும். உபுண்டு சேர்வரில் வழமையாக இது ஏற்கெனவே இருக்கும். ஆனால் இயல்புநிலையில் அது மறுதொடக்கம் செய்யாது. ஆகவே மாதம் ஒருமுறையாவது உள்ளே போய்ப் பார்ப்பது அவசியம்.

நிறுவுதலும் அகற்றலும்

பழைய தமிழ்ப் பத்திரிகைகளை வருடிப் படமாக்கி வைத்திருக்கிறீர்கள். அவற்றிலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்க 'டெசராக்ட்' மென்பொருள் வேண்டும். 'ஆப்ட் சேர்ச் டெசராக்ட்' என்றால் தொடர்புள்ள பொதிகளின் பட்டியல் வரும். 'ஆப்ட் ஷோ' என்று எழுதிப் பொதியின் பெயரைக் கொடுத்தால் அதன் விவரமும் அளவும் சார்புப் பொதிகளும் தெரியும். பிறகு 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் டெசராக்ட்-ஓசிஆர் டெசராக்ட்-ஓசிஆர்-டாம்'. கடைசியில் உள்ள 'டாம்' தமிழ் மொழிக்கான பொதி. படங்களைக் கையாளும் லெப்டோனிகா போன்ற சார்புப் பொதிகளை முகாமையாளரே சேர்த்து நிறுவிவிடும்.

அகற்ற இரண்டு வழி. 'ரிமூவ்' மென்பொருளை எடுத்துவிட்டு அமைப்புக் கோப்புகளை விட்டுவைக்கும். 'பர்ஜ்' அமைப்புக் கோப்புகளையும் சேர்த்து நீக்கும். மீண்டும் நிறுவும் எண்ணம் இருந்தால் முதலாவதே போதும். எதை அகற்றினாலும், கூடவே எவை போகப்போகின்றன என்ற பட்டியலை முழுதாக வாசியுங்கள். தேவையற்றது என்று ஒன்றை நீக்கப்போய், அதைச் சார்ந்திருந்த இணையத்தள மென்பொருளையும் இழப்பது வழமையாக நடக்கும் விபத்து.

ஒரு பொதி மாறக்கூடாது என்றால் 'சூடோ ஆப்ட்-மார்க் ஹோல்ட்' என்று பெயரைக் கொடுத்து நிறுத்திவைக்கலாம். 'அன்ஹோல்ட்' அதை விடுவிக்கும். நிறுத்திவைத்ததை மறந்துவிட்டால் அந்தப் பொதிக்குப் பாதுகாப்புத் திருத்தமும் வராது. 'ஆப்ட்-மார்க் ஷோஹோல்ட்' என்றால் நிறுத்தியவற்றின் பட்டியல் தெரியும்.

நேற்றுவரை ஓடிய தளம் இன்று ஓடவில்லையென்றால் முதலில் பார்க்க வேண்டியது வரலாற்றுக் கோப்பு. 'வார்' கோப்புறைக்குள் 'லொக்', அதற்குள் 'ஆப்ட்', அதற்குள் 'ஹிஸ்டரி டொட் லொக்'. எந்த நாளில், எந்தக் கட்டளையால், எது மாறியது என்று அதில் பதிவாகியிருக்கும். டிஎன்எஃப் பயன்படுத்துவோருக்கு 'டிஎன்எஃப் ஹிஸ்டரி' உண்டு. நடந்த மாற்றம் ஒன்றைத் திருப்பிப் போட 'அன்டூ' வசதியும் அதில் இருக்கிறது.

இடைநடுவில் நின்றால்

இணைப்போ சேர்வரோ நடுவில் நின்று, அடுத்தமுறை ஆப்ட் வேலை செய்ய மறுத்தால் பயப்பட வேண்டியதில்லை. 'சூடோ டிபிகேஜி', இரண்டு சிறு கோடுகளுடன் 'கன்ஃபிகர்', ஓர் இடைவெளி, ஒரு சிறு கோட்டுடன் 'ஏ'. அரைகுறையாக நின்ற பொதிகளை இது முடித்துவைக்கும். அதன் பின்னும் சார்புகள் குழம்பியிருந்தால் 'சூடோ ஆப்ட்', இரண்டு சிறு கோடுகளுடன் 'ஃபிக்ஸ்-புரோக்கன்', பிறகு 'இன்ஸ்டால்'.

'லொக்' கோப்பை வேறொரு செயல் பிடித்திருக்கிறது என்ற செய்தி வந்தால், பெரும்பாலும் தானியங்கி இற்றைப்படுத்தல் பின்னணியில் நடந்துகொண்டிருக்கும். சில நிமிடம் பொறுத்திருங்கள். அந்தக் கோப்பை அழித்துவிடச் சொல்லும் ஆலோசனைகள் இணையத்தில் நிறைய உண்டு. அப்படி அழித்தால் இரண்டு செயல்கள் ஒரே நேரத்தில் பதிவேட்டில் எழுதிப் பதிவே குழம்பிப்போகலாம்.

யாரிடமிருந்து எடுக்கிறோம்?

களஞ்சியத்தின் பட்டியல் இலக்கமுறைக் கையொப்பத்தோடு வருகிறது. பொதி ஒவ்வொன்றின் சரிபார்ப்பு இலக்கமும் அந்தப் பட்டியலோடு கோர்க்கப்பட்டிருக்கிறது. நடுவில் எவராவது பொதியை மாற்றி வைத்தால் ஆப்ட் அதை ஏற்காது. கையொப்பத்தைச் சரிபார்க்க முடியவில்லை என்ற எச்சரிக்கை வந்தால் அதை மீறி நிறுவக்கூடாது.

ஏதோ ஒரு பக்கத்தில் கிடைத்த ஒற்றை வரியைப் பிரதிசெய்து, நிர்வாகி அதிகாரத்தோடு ஓடவிடும் பழக்கத்தைக் கைவிட வேண்டும். எவருடைய களஞ்சியத்தையும் விசாரிக்காமல் சேர்த்துக்கொள்வது, முன்பின் அறியாதவரிடம் வீட்டுச் சாவியைக் கொடுப்பதற்குச் சமம்.

நம்பிக்கையான இடத்திலும் ஆபத்து வரலாம். 2024 மார்ச் 29ஆம் திகதி, அன்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியியலாளர் 'எக்ஸ்ஸெட்' என்ற சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் இரகசியக் கதவு வைக்கப்பட்டிருப்பதை அம்பலப்படுத்தினார். எஸ்எஸ்எச் நுழைவு வழமையைவிட அரை வினாடி தாமதமானதே அவருக்குச் சந்தேகத்தைக் கொடுத்தது. டெபியனின் சோதனைப் பதிப்புகளுக்குள் அது வந்துவிட்டிருந்தது; நிலையான பதிப்புக்குள் வரவில்லை. ஆவணங்கள் இருக்கும் சேர்வருக்கு நிலையான பதிப்பையே தெரிவுசெய்ய வேண்டும் என்பதற்கு இதுவே போதுமான காரணம். நிலையான பதிப்பில் மென்பொருளின் இலக்கம் பழையதாகத் தெரியும். ஆனால் பாதுகாப்புத் திருத்தங்கள் அந்தப் பழைய இலக்கத்துக்குள்ளேயே சேர்க்கப்பட்டுவிடும்.

பதிப்புக்கும் ஆயுள் உண்டு

உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஏப்ரலில் வருகிறது. வழமையான பாதுகாப்புத் திருத்தங்கள் ஐந்து ஆண்டுக்குக் கிடைக்கும். 20.04 பதிப்பின் அந்தக் காலம் 2025 மே மாதத்தோடு முடிந்தது. 22.04க்கு 2027 வரையும் 24.04க்கு 2029 வரையும் உண்டு. காலம் முடிந்த பதிப்பில் எத்தனை தடவை 'அப்கிரேட்' கொடுத்தாலும் பலனில்லை. புதிதாக எதுவும் இல்லை என்றே சொல்லும். எல்லாம் சரியாக இருக்கிறது என்று நாமும் நினைத்துக்கொள்வோம். தாக்குதலுக்கு உள்ளான அரசாங்க மின்னஞ்சலும் காலம் முடிந்த மென்பொருளில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

'டூ-ரிலீஸ்-அப்கிரேட்' என்ற கட்டளை அடுத்த பதிப்புக்கு மாற்றும். இது பெரிய வேலை. காப்புப் பிரதி எடுக்காமல் தொடங்கவே கூடாது.

காப்புப் பிரதி என்றால் தரவுத்தளத்தின் பிரதியும், தளத்தின் கோப்புறையும். சேர்வருக்குள்ளேயே இன்னொரு கோப்புறையில் வைத்தால் அது காப்பு ஆகாது. சேர்வரைப் பூட்டிக் கப்பம் கேட்பவர் அதையும் சேர்த்தே பூட்டுவார். ஒரு பிரதி வேறொரு சேவையில் இருக்கட்டும். இன்னொன்று, இணையத்தோடு இணைக்காத வன்தட்டில், இன்னொருவர் வீட்டு அலுமாரியில் இருக்கட்டும்.

ஆப்டின் கைக்கு எட்டாதவை

வேர்ட்பிரஸ் தளங்கள் பெரும்பாலும் தனியாக நிறுவப்படுகின்றன. அதன் செருகுநிரல்களை ஆப்ட் தொடாது. அவற்றை வேர்ட்பிரஸின் நிர்வாகப் பக்கத்திலோ, 'டபிள்யூபி' கட்டளைக் கருவியிலோ இற்றைப்படுத்த வேண்டும். பைதன் மொழியின் 'பிப்' வழியாக நிறுவியவற்றுக்கும் தனிக் கவனம் தேவை.

தள முகவரியின் பதிவும் வேறு கதவு. 2021 பெப்ரவரி 6ஆம் திகதி, கூகிளின் இலங்கை முகவரி உட்பட 'எல்கே' என்று முடியும் சில முகவரிகளுக்குச் சென்றவர்கள் வேறொரு பக்கத்துக்குத் திருப்பப்பட்டார்கள். தேயிலைத் தொழிற்றுறையின் பிரச்சினைகளும் ஊடக சுதந்திரமும் அந்தப் பக்கத்தில் பேசப்பட்டிருந்தன. அந்த நிறுவனங்களின் சேர்வர்களில் யாரும் கைவைக்கவில்லை. முகவரிப் பதிவில் கைவைத்தார்கள். ஆகவே பதிவுக் கணக்கின் கடவுச்சொல்லும் இருபடி உறுதிப்படுத்தலும் பொதிகளைப் போலவே முக்கியம்.

இரண்டாவது ஆள்

எங்கள் தளங்கள் பல நின்றுபோவதற்குத் தாக்குதல் மட்டும் காரணம் இல்லை. தளத்தை அமைத்துக் கொடுத்த பிள்ளை கொழும்புக்கு வேலைக்குப் போவார், அல்லது வெளிநாடு போவார். சாவியும் கடவுச்சொல்லும் அவரோடு போய்விடும். சேர்வர் யாரும் பார்க்காமல் ஓடிக்கொண்டே இருக்கும், ஒருநாள் நிற்கும்வரை.

ஒரு கொப்பி எடுத்து மேலே சொன்ன ஐந்து படிகளையும் எழுதுங்கள். எந்த நாளில் யார் செய்தார், என்ன மாறியது, காப்புப் பிரதி எங்கே இருக்கிறது என்பதை ஒவ்வொரு முறையும் குறியுங்கள். இரண்டாவது ஆள் ஒருவருக்குத் தனிச் சாவி அமைத்துக் கொடுத்து, மாதத்தில் ஒரு வாரம் அவரையே செய்யவிடுங்கள். கடவுச்சொல்லை மட்டும் அந்தக் கொப்பியில் எழுத வேண்டாம்.